ரயிலில் ஆசியாவைக் கடப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குறைந்த செலவில் ஆசியாவை ரயிலில் கடப்பது பற்றி யாழ்ப்பாணத்தின் பல ஊர்களில் இருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ரயில் நேர அட்டவணையைத் திறப்பதற்கு முன்னர் எந்த எல்லை திறந்திருக்கிறது, எந்த நாடு எமது கடவுச்சீட்டுக்கு விசா தரும் என்பவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பதில்களும் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

கேள்வி (சுன்னாகம்): காங்கேசன்துறையில் புறப்பட்டு, விமானம் ஏறாமலே சீனா வரை போக வழி உண்டா ஐயா? கொழும்புக் கோட்டையில் ரிக்கற் எடுத்துச் சென்னைக்குப் போன காலம் ஒன்று இருந்ததாக எங்கள் அப்பப்பா சொல்லுவார்.

பதில்: உங்கள் அப்பப்பா சொன்னது உண்மை. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. இரு கரையிலும் ரயில் காத்து நிற்கும். 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியையும் அதன் தண்டவாளத்தையும் அழித்த பின்னர், இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் மட்டும் 1980களின் முற்பகுதி வரை ஓடி, யுத்தத்தோடு நின்றுபோனது. இன்று எமக்கு உள்ளது 2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் பயணிகள் கப்பல். அது ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்தில் அக்கரை சேர்க்கும். வாடைக்காற்று மாதங்களில் சேவை நிறுத்தப்படுவதால், கார்த்திகை மார்கழியில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

உண்மையான தடை இந்தியாவுக்கு அப்பால்தான் இருக்கிறது. பாகிஸ்தானுக்கு ஓடிய சம்ஜௌதா விரைவு ரயில் 2019இலும், கொல்கத்தாவில் இருந்து டாக்கா சென்ற மைத்ரீ விரைவு ரயில் 2024 யூலையிலும் நிறுத்தப்பட்டன. மியன்மாரையும் இந்தியாவையும் இணைக்கும் தண்டவாளம் கிடையாது, இமயமலையைத் தாண்டித் திபெத்துக்குப் போகும் ரயில்பாதையும் இல்லை. ஆகவே ஒரு விமானப் பயணம் தவிர்க்க முடியாதது. பலாலியில் இருந்து சென்னை வழியாகவோ, கட்டுநாயக்காவில் இருந்து நேரடியாகவோ சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்கொக் ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே ரயில் ஏறுவதே இன்று நடைமுறையில் உள்ள வழி.

கேள்வி (நல்லூர்): என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கிருந்து தொடங்கினால் எந்தெந்த இடங்களில் ரயில் மாற வேண்டும்?

பதில்: சிங்கப்பூரின் பழைய தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடப்பட்டது. இப்போது உட்லண்ட்ஸில் இருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்து நிமிட ரயில் ஒன்று மட்டுமே உள்ளது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் ஏறினால் ஐந்து சிங்கப்பூர் டொலர், மறுபக்கத்தில் ஏறினால் ஐந்து ரிங்கிட். வடக்கே போகிறவருக்கு வாய்ப்பது விலை கூடிய திசை என்பதால், சிக்கனம் பார்ப்பவர்கள் பாலத்தைப் பேருந்தில் கடக்கலாம்.

ஜொகூர் பாருவில் இருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஐந்தரை மணித்தியாலம் அளவில் தாய்லாந்து எல்லையான பாடாங் பெசார். இந்தப் பாதையை எங்கள் ஊருக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது. ஆங்கிலேயர் காலத்து மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வேலை பார்த்தவர்களில் யாழ்ப்பாணத்தார் மிகப் பலர். மலாயன் பென்சனில் எழும்பிய கல்வீடுகள் எங்கள் கிராமங்களில் இன்றும் நிற்கின்றன.

பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிவரவு அலுவலகங்களும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்தங்கியது. இதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த ரயிலுக்குச் சீட்டு எடுப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். அங்கிருந்து ஹட் யாய் வரை சிறு ரயில், பின்னர் பாங்கொக்குக்கு இரவு ரயில். 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்களிற் பெரும்பாலானவை பழைய ஹுவா லம்போங் நிலையத்தில் இருந்து புதிய குருங் தேப் அபிவட் நிலையத்துக்கு மாறிவிட்டன; பழைய வழிகாட்டி நூலை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாங்கொக்கில் மாலையில் ஏறினால் மறுநாட் காலை லாவோஸின் தலைநகர் வியந்தியானில் இறங்கலாம். இந்த நேரடி இரவு ரயில் 2024 யூலையில் தொடங்கியது; அப்போது குளிரூட்டிய பெட்டியில் மேற்படுக்கைக்கு 784 பாத், கீழ்ப்படுக்கைக்கு 874 பாத் கட்டணம். வியந்தியானில் இருந்து சீனாவின் குன்மிங் வரை 1,035 கிலோமீற்றர். 2021 டிசெம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் எல்லை கடக்கும் பயணிகள் ரயில் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய பத்து மணித்தியாலப் பயணம். போத்தென், மோகான் ஆகிய இரண்டு எல்லை நிலையங்களிலும் மூட்டை முடிச்சு அனைத்தோடும் இறங்கி ஏற வேண்டும். சீன ரயிலின் நிலையம் வியந்தியான் நகருக்கு வெகு வெளியே இருக்கிறது. பாங்கொக் ரயிலில் வந்து இறங்கி அன்றே குன்மிங் ரயிலைப் பிடிக்க முயலாமல், ஓர் இரவு வியந்தியானில் தங்குங்கள். அவசரமில்லாதவர்கள் இடையில் லுவாங் பிரபாங்கில் இறங்கலாம். முன்னர் மலைவீதியில் ஒரு நாளை விழுங்கிய அந்தத் தூரம் இப்போது இரண்டு மணித்தியாலம்தான்.

கேள்வி (உரும்பிராய்): விசாக்களை எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும்?

பதில்: கடினமானதை முதலில் எடுங்கள், அது சீன விசா. விண்ணப்பம் கொழும்பில் நேரில் கொடுக்க வேண்டியது. பயண ஒழுங்கு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கேட்பார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் சேருங்கள். ஒருமுறை நுழையும் விசா வழமையாக வழங்கிய நாளில் இருந்து மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதால், ஆறு மாதம் முன்னரே எடுத்து வைப்பதும் வீண். அது கைக்கு வந்த பின்னரே மலேசியாவினதும் லாவோஸினதும் மின்விசாக்களுக்குப் பணம் கட்டுங்கள். லாவோஸ் மின்விசா எல்லா வாயில்களிலும் ஏற்கப்படுவதில்லை. நீங்கள் நுழையும் நிலையம் அதன் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்.

சிங்கப்பூருக்கு இலங்கையர் குறுகிய தங்கலுக்கு விசா எடுக்கத் தேவையில்லை. தாய்லாந்து 2024 யூலையில் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையையும் சேர்த்தது. ஆயினும் அந்நாடு இவ்விதிகளை அடிக்கடி மாற்றுவதால், புறப்படும் மாதத்தில் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் அன்று.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்): கையில் இருக்கும் பணம் மிகக் குறைவு. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

பதில்: முதலில் தொடக்கப் புள்ளியை மாற்றுங்கள். பாங்கொக்குக்கு நேரே பறந்தால் மலேசிய விசாவும் சிங்கப்பூரின் தங்குமிடச் செலவும் மிச்சமாகும். தங்குவதற்கு அக்கா இல்லாதவர்களுக்குச் சிங்கப்பூர் தோதான ஊர் இல்லை.

அடுத்தது சீனா. அங்கே எல்லோரும் அதிவேக ரயிலைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் சாதாரண இரவு ரயில்களின் வன்படுக்கை வகுப்பு, அதே இரு நகரங்களுக்கு இடையிலான அதிவேக ரயிலின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆகிறது, அதோடு ஓர் இரவு விடுதிச் செலவும் இல்லை. வன்படுக்கை என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்: மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் உண்டு. பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கைகள். மேலே போகப் போகக் கட்டணமும் குறையும், நிமிர்ந்து இருக்க இடமும் குறையும். வன்இருக்கை அதைவிட மலிவு. ஆனால் இருபது மணித்தியாலம் அதில் இருந்து போய் மறுநாளை விடுதியில் படுத்துக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை; எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு அதை எடுக்க வேண்டாம் என்பேன்.

சீட்டுகள் 12306 என்ற அரசாங்கச் செயலியில் பயண நாளுக்கு 15 நாட்கள் முன்னர் திறக்கும். கடவுச்சீட்டைப் பதிவுசெய்து சரிபார்க்கச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால், அதை இங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். காகிதச் சீட்டு கிடையாது, கடவுச்சீட்டே சீட்டு. சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகளில் எமது வங்கி அட்டையை இணைக்கலாம். அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்து தருமாறு வங்கியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எல்லாம் ஒரே அட்டையில் தங்கியிருப்பது ஆபத்தானது ஆகையால், கொஞ்சம் டொலர்த் தாள்களும் மடியில் இருக்கட்டும். பயணக் காப்புறுதியில் குறைக்காதீர்கள்.

கேள்வி (கொக்குவில்): அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக விருப்பம். அவர் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: தாய்லாந்தில் ‘ஜே’ என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் வெங்காயமும் உள்ளியும் இல்லாத உணவு கிடைக்கும், அத்தகைய கடைகளில் மஞ்சள் நிறக் கொடி தொங்கும். சீனாவில் நகரங்களில் புத்த கோயில்களை அண்டிய சைவக் கடைகளைத் தேடலாம், ரயிலில் அந்த வசதி குறைவு. ஆனால் சீனத் தொலைதூர ரயில்களின் ஒவ்வொரு பெட்டியிலும் கொதிநீர் எந்நேரமும் உண்டு. ஆகவே வறுத்த அரிசிமா, அவல், பால்மா, பருத்தித்துறை வடை என்று கட்டிக்கொண்டு போங்கள். தேங்காய் வெட்ட என்று கத்தியை மட்டும் வைக்காதீர்கள். லாவோஸ், சீன நிலையங்களின் சோதனையில் அதைப் பறித்துவிடுவார்கள். சீட்டு எடுக்கும்போது அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கையை எடுங்கள், கட்டண வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (அச்சுவேலி): சித்திரைப் புத்தாண்டு லீவில் போகலாமா?

பதில்: வேண்டாம். தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் அதுவேதான் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 16 வரை அந்நாடுகளின் மக்கள் எல்லோரும் ஊருக்குப் போவதால், ரயிலில் இடம் கிடைக்காது. சீனாவில் ஒக்டோபர் முதல் வாரத்தையும் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): குன்மிங்குக்கு அப்பாலும் ரயிலிலேயே போய் இலண்டனில் தம்பி வீட்டில் இறங்க முடியுமா?

பதில்: வரைபடத்தில் முடியும். எமது கடவுச்சீட்டில், குறைந்த செலவில், இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். பீஜிங்கில் இருந்து மொஸ்கோவுக்கு நேரடியாக ஓடிய வாராந்த ரயில்கள் 2020இல் நின்றன. 2022 மார்ச் முதல் வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய ‘விசா’, ‘மாஸ்டர்கார்ட்’ கொடுப்பனவு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரஷ்யாவுக்கு மேற்கே ஐரோப்பாவுக்கான பயணிகள் ரயில்களும் இல்லாமற் போயின. தெற்கு வழியில் கசகஸ்தானில் இருந்து கஸ்பியன் கடலைக் கடக்கும் சரக்குக் கப்பலுக்கு நேர அட்டவணை கிடையாது, அசர்பைஜானோ 2020 முதல் தரைவழி நுழைவைப் பயணிகளுக்கு மூடி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டு விசாவுக்கும் கட்டி, முடிவில் பிரித்தானிய விசா மறுக்கப்பட்டால் எல்லாம் நட்டம்.

ஆசை விடாவிட்டால், சீனாவின் உரும்சியில் இருந்து கசகஸ்தானின் அல்மாட்டி, உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்ட், சமர்கந்து வரை ரயிலில் போய் அங்கிருந்து பறவுங்கள். எல்லையில் சீனாவின் 1,435 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம் முடிந்து 1,520 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம் தொடங்குவதால் பல மணித்தியாலத் தாமதம் இருக்கும். தாஷ்கெண்டில் இருந்து சமர்கந்துக்கு அப்ரோசியாப் அதிவேக ரயில் இரண்டு மணித்தியாலம் அளவில் போய்விடும், அதன் சீட்டுகளும் அதே வேகத்தில் முடிந்துவிடும்.

கேள்வி (வல்வெட்டித்துறை): பெண் ஒருவர் தனியாக இரவு ரயிலில் போகலாமா?

பதில்: போகலாம். தாய்லாந்தின் சில இரவு ரயில்களில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப்பெட்டி உண்டு; சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். சீனாவில் பெரும்பாலும் அப்படிப் பிரிப்பதில்லை. அங்கே நால்வர் தூங்கும் கதவடைத்த மென்படுக்கை அறையைவிடக் கதவில்லாத வன்படுக்கைப் பெட்டியே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது, ஏனெனில் நடைபாதையில் எந்நேரமும் ஆட்களும் பெட்டிப் பொறுப்பாளரும் இருப்பார்கள்.

கேள்வி (காரைநகர்): சீன விசாவுக்கே வழியில்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: நாகபட்டினத்தில் இறங்கி இந்தியாவைக் கடவுங்கள். கன்னியாகுமரியில் இருந்து அசாமின் திப்ருகார் வரை ஓடும் விவேக் விரைவு ரயில் 4,100 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. மூன்று நாட்களுக்கு மேற்பட்ட பயணம். கேரளத்தைச் சுற்றி வரும் அந்த ரயிலை நீங்கள் ஈரோட்டிலோ சேலத்திலோ பிடித்துக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர் திறக்கும். படுக்கை வகுப்புகளில் குளிரூட்டாததே மிக மலிவு. ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் அதில் வங்காளம் வரை போவது கடினம், மாசி மாதம் பாருங்கள்.