‘மளை’ என்று எழுதினால் கற்றல் குறைபாடா?

கேள்வி: எட்டு வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மழையை ‘மளை’ என்றும் வண்டியை ‘வன்டி’ என்றும் எழுதுகிறான். அருகிலுள்ள பயிற்சி மையத்தில் இதைக் கற்றல் குறைபாடு என்று சொல்லி, ஆறு மாத வகுப்புக்கு முன்பணம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். ‘மளை’ குறைபாடு அல்ல. சென்னையில் காதில் விழுவதை அப்படியே எழுதுகிறான், அவ்வளவுதான். சொல்வதெழுதுதல் வைக்கும்போது உங்கள் வாயிலிருந்து வருவது ழகரம்தானா என்று கைபேசியில் ஒருமுறை பதிவு செய்து கேளுங்கள். பல வீடுகளில் பிழை அங்கேதான் தொடங்குகிறது.

‘வன்டி’ வேறு வகை. இதற்குக் காது வேண்டாம், விதி போதும். தகரத்துக்கு முன்னால் ந், டகரத்துக்கு முன்னால் ண், றகரத்துக்கு முன்னால் ன். பந்து, வண்டி, கன்று என்ற மூன்று சொற்களையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; ‘வெர்ரி’, ‘பழ்ழி’ என்று எழுதுவது நின்றுவிடும்.

தகரத்தோடு சேராத தனி நகரம் சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் வருவது னகரம் என்றும் சொல்லிக்கொடுப்பீர்கள். மறுநாளே பையன் பேருந்தில் ‘ஓட்டுநர்’ என்று படித்துவிட்டு உங்களை மடக்குவான். பயப்படாதீர்கள். ‘நர்’ என்பது தனி விகுதி. ஓட்டு ஒரு துண்டு, நர் ஒரு துண்டு. நகரம் தன் துண்டின் முதலில்தான் நிற்கிறது. நடத்துநர், இயக்குநர், கடிதத்தில் எழுதும் அனுப்புநர், பெறுநர் எல்லாம் இதே கணக்கு. வெந்நீருக்குள் நீர் இருக்கிறது, முந்நூறுக்குள் நூறு இருக்கிறது. இப்படிப் பிரித்துக் காட்டினால் எட்டு வயதுக்குப் புரியும். ஆனால் வெளியே வந்தால் ‘ஓட்டுனர் தேவை’ என்று சுவரொட்டி. சினிமா விளம்பரத்தில் ‘இயக்குனர்’. பெரியவர்கள் எழுதினால் யாரும் கேட்பதில்லை, பிள்ளை எழுதினால் மட்டும் பத்து முறை இம்போசிஷன்!

ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் பெரிதாக விதி கிடையாது. கண்தான் பழக வேண்டும். தினம் இரண்டு வரி போதும். படிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், எழுதட்டும், திறந்து அவனே ஒப்பிடட்டும். சிவப்புப் பேனாவை நீங்கள் தொட வேண்டாம். இதற்குத் தமிழ்நாடு அரசின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களே போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவற்றையே அச்சடித்து, ‘ஹோம்ஸ்கூலிங் கிட்’ என்று பெட்டி போட்டு விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

குறைபாடு என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. வாய்விட்டுப் படிக்கவே திணறுகிறான், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான், தமிழிலும் ஆங்கிலத்திலும் இதே நிலை என்றால் முறையாக மதிப்பிட வேண்டும். அதற்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்பு இந்த ஊரிலேயே இருக்கிறது. நோட்டைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுப்பவரிடம் போக வேண்டியதில்லை.

இந்த ஆட்களே அடுத்து ‘பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஏற்பாடு செய்கிறோம்’ என்று வருவார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தச் சந்தில்தான் ஏஜென்டுகள் கடை விரித்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யக் குறைந்தபட்ச வயது 14. உங்கள் மகனுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. அப்போதும் அவர்களது இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். தேர்வுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு நடுவில் ஒருவர் நிற்கத் தேவையில்லை.