வார்லிப் பிள்ளைகளின் பள்ளி – கடிதம்

ஐயா, நானும் நண்பர்களும் மாதம் ஒருமுறை பால்கர் மாவட்டத்தில் தலாசரி பக்கத்து வார்லிப் பழங்குடி ஊர்களுக்குப் பைகளும் நோட்டுகளும் கொண்டுபோகிறோம். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பெற்றோருக்கும் அக்கறை இல்லை. டேப்லட் வாங்கிக் கொடுக்கலாமா? நான்கைந்து பிள்ளைகளை மும்பைக்கு அழைத்துவந்து ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கலாமா?

க., செம்பூர்

அன்புள்ள க.,

மாதம் தவறாமல் போகிறீர்கள், உங்களுக்கு என் வணக்கம். ஆனால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? அறுவடையும் தீபாவளியும் முடிந்ததும் பிவண்டி, வசாய் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்கள்? மழைக்கு முன்னால் ஊர் திரும்பும்போது பள்ளி ஆண்டே முடிந்துபோயிருக்கும். வயிற்றுப்பாட்டை அக்கறையின்மை என்று சொல்லாதீர்கள்.

டேப்லட் பேச்சை விடுங்கள்.

பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்கிறீர்களே, கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவதும் அதுதான். வீட்டில் வார்லி மொழி பேசும் குழந்தையை ஆறு வயதில் புத்தக மராத்தியின் முன்னால் உட்கார வைத்தால் அது என்ன பேசும்? நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். முதல் நாள் அழுதுகொண்டிருந்த என்னை டீச்சர் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே ஒரு அதட்டு அதட்டினார். அம்மாவின் குரல் போலவே இருந்தது, அடங்கிவிட்டேன். மராத்தியும் இந்தியும் பிறகு தெருவிலேயே வந்துவிட்டன.

பிழைக்க வந்த நமக்கு இந்த நகரம் தமிழில் பள்ளி நடத்தியது, இன்றும் நடத்துகிறது. இதே மும்பையில் ஆரே காட்டிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக வாழும் வார்லிகளுக்கு வார்லி வழி மாநகராட்சிப் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அதை இயலச் செய்வது யார் பொறுப்பு? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீங்கள் போகும் பகுதியிலேயே கோஸ்பாட் இருக்கிறது. குழந்தைக் கல்விக்காக உழைத்த தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945-இல் போர்டியில் வேலையைத் தொடங்கி, பின்னர் கோஸ்பாட் மலைக்குப் போனார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளால் பள்ளிக்கு வர முடியவில்லை என்றதும் பள்ளியை மேய்ச்சல் நிலத்துக்கே கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் மாடுகள் மேயும், மறுபக்கம் கூழாங்கல்லும் இலையும் வைத்துக் கணக்கு நடக்கும். பிள்ளைகளை மும்பைக்குக் கூட்டிவர வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் யோசனையை நீங்களும் இன்றோடு கைவிடுங்கள். உங்கள் பிள்ளையை யாராவது அப்படிக் கேட்டால் அனுப்புவீர்களா?

அடுத்த முறை பைகளை இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடாதீர்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் வார்லிப் பெண்கள் அந்த ஊர்களில் யார் யார் என்று விசாரியுங்கள். டேப்லட்டுக்கு ஒதுக்கிய பணத்தை அவர்களுக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து வார்லியில் கதை சொல்லி, அதிலிருந்து மராத்திக்குக் கூட்டிப்போக அவர்களால் முடியும். சூளைக்குப் போகும் குடும்பங்களோடு அவர்களில் ஒருவர் போகச் சம்மதிப்பாரா என்றும் கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.