மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைக்காத அறைக்கு மூன்றரை லட்சமா?

கேள்வி: நாங்கள் மண்டபத்தில் வசிக்கிறோம். என் கணவர் விசைப்படகு வைத்திருக்கிறார். நானும் மாமியாரும் கருவாட்டு வியாபாரம் பார்க்கிறோம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. ராமநாதபுரத்தில் துணி எடுத்த கடையில் பரிசுக் கூப்பன் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் போன் வந்தது. ‘பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் தருவோம்’ என்று ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள். ‘டைம்ஷேர்’ திட்டமாம். 25 வருடம், வருடத்துக்கு 6 இரவு, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எங்கு வேண்டுமானாலும் தங்கலாம். விலை 4,50,000, அன்றே சேர்ந்தால் வரி உட்பட 3,60,000. முன்பணம் 36,000, மீதி மாதம் 11,231 வீதம் 36 தவணை. வருடப் பராமரிப்புக் கட்டணம் 15,000, அதற்கு ஜிஎஸ்டி தனி. தாளில் ‘இடைப்பருவம், ஸ்டூடியோ அறை’ என்று போட்டிருக்கிறது. ‘இது சொத்து மாதிரி, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், வேண்டாமென்றால் லாபத்துக்கு விற்கலாம், ராமேஸ்வரம் பக்கமும் கடற்கரை ரிசார்ட் வரப்போகிறது’ என்றார்கள். விலையை நிறுத்தி வைக்க 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். கணவருக்கு ஆசை இருக்கிறது. தவணை வட்டியைத் தவிர்க்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். என்ன செய்வது?
— வாசகி, மண்டபம்

பதில்: அன்புள்ள சகோதரி, விலையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பக்கூடிய நாட்கள் எவை? கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கணவரும் பிள்ளைகளும் ஒருசேர வீட்டில் இருக்கும் காலம் வருடத்தில் இது ஒன்றுதான். மலைவாசத்தலங்களில் உச்சப் பருவமும் இதேதான்.

டைம்ஷேர் நிறுவனங்கள் வருடத்தை வண்ணம் பிரித்து விற்கின்றன. ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பெயர் வைப்பார்கள். எந்த நிறம் எந்த மாதம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கோடை விடுமுறையும் தீபாவளி, கிறிஸ்துமஸ் நாட்களும் விலை உயர்ந்த நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தை வாங்கியவர் கீழ்ப்பருவத்திலும் தங்கலாம். கீழே வாங்கியவர் பொதுவாக மேலே ஏற முடியாது, ஏறினால் கூடுதல் பணம். உங்களுக்குக் காட்டிய 3,60,000 இடைப்பருவத்துக்கானது. மே மாதம் நீங்கள் கொடைக்கானல் கேட்டால், ‘உங்கள் பருவம் அதுவல்ல’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஜூலையிலும் பிப்ரவரியிலும் அறை காலியாகத்தான் இருக்கும். அப்போது உங்கள் வீட்டுக்காரர் கடலில் இருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். என் பதிலில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். டைம்ஷேரில் நீங்கள் வாங்குவது என்ன? அமெரிக்காவில் சில திட்டங்களில் குறிப்பிட்ட அறையின் குறிப்பிட்ட வாரத்தைப் பத்திரம் பதிந்தே விற்கிறார்கள். இந்தியாவில் விற்பவை பெரும்பாலும் அப்படியல்ல. நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில், அறை இருந்தால், விதிப்படி கேட்டுத் தங்கும் உரிமை மட்டுமே கிடைக்கும். உங்கள் பெயரில் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு குடும்பத்துக்கு ஒருநாள் மண்டகப்படி இருக்கும் அல்லவா, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. நாள் உங்களுடையது, செலவும் உங்களுடையது, கோயில் உங்களுடையது அல்ல. ஒரு வித்தியாசம், மண்டகப்படியில் நாள் தவறாமல் கிடைக்கும். இங்கே நாளும் அறை காலியாக இருப்பதைப் பொறுத்தது. நல்ல தேதிக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், அதே தேதியைப் பல உறுப்பினர்கள் கேட்பார்கள்.

அறையின் அளவையும் பாருங்கள். ஸ்டூடியோ என்பது பொதுவாகப் பெரியவர் இருவர், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் தங்கும் அறை. உங்கள் மகனுக்கு இப்போதே 13. மாமியாரையும் அழைத்துப்போவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முதல் பயணத்திலேயே கூடுதல் ஆளுக்குக் கட்டணம் கேட்பார்கள், அல்லது பெரிய அறைக்கு மாறச் சொல்வார்கள்.

இனி கணக்கு. மாதம் 11,231 வீதம் 36 தவணை என்றால் 4,04,316 ரூபாய். கடன் 3,24,000தான்; வட்டி மட்டும் 80,316. ஏறக்குறைய 15 சதவீத வட்டி. முன்பணத்தையும் சேர்த்தால் கையை விட்டுப் போவது 4,40,316. 25 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 17,613. பராமரிப்புக் கட்டணம் 15,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 17,700. இரண்டும் சேர்ந்து 35,313. ஆறு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 5,885 ரூபாய். இதில் சாப்பாடு இல்லை, வண்டிச் செலவு இல்லை. ஐந்து வருடத்தில் மூன்று வருடம்தான் போக முடிந்தது, மீதி இரவுகள் வீணாயின என்று வைத்துக்கொண்டால் இரவுக்கு 9,800 ஆகிவிடும். கடல்தொழில் வீட்டில் ஐந்துக்கு மூன்று என்பதே தாராளமான கணக்கு.

பராமரிப்புக் கட்டணத்தை நான் இன்னும் சற்றுப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் விற்பனை மேஜையில் அதை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். அது ஏறும் கட்டணம். வருடம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால், இன்றைய 17,700 பன்னிரண்டு வருடத்தில் 35,600 ஆகும். கடைசி வருடம் 71,000-ஐத் தாண்டும். 25 வருடமும் கூட்டினால் பராமரிப்புக்கு மட்டும் 9,71,000 ரூபாய். மெம்பர்ஷிப் விலையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்! வட்டியும் சேர்ந்த 4,40,316-ஓடு கூட்டினால் 14 லட்சம் தாண்டுகிறது. 150 இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 9,400. ஹோட்டல் வாடகையும் ஏறத்தானே செய்யும் என்று கணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஹோட்டல் வாடகை ஏறினால் ஒரு வருடம் போகாமல் இருந்துகொள்ளலாம். பெரும்பாலான டைம்ஷேர் ஒப்பந்தங்களில், போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. பாக்கி இருந்தால் பதிவு கிடையாது.

நகை அடகு வேண்டவே வேண்டாம். தவணை வட்டியைவிட நகைக்கடன் வட்டி குறைவு என்ற உங்கள் கணவரின் கணக்கு சரிதான், ஆனால் அந்த நகை எதற்கு இருக்கிறது? எஞ்சின் பழுது, வலை அறுந்துபோவது, புயல் எச்சரிக்கையில் வாரக்கணக்கில் படகு கரையில் நிற்பது, எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகையே பிடித்துக்கொண்டு போவது எல்லாம் உங்கள் கரையில் நடக்கிறவை. தடைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டுச் செலவுக்கே போதாது, படகுக்கு மராமத்தும் பெயின்ட்டும் அப்போதுதான் வந்து நிற்கும். தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. மாதச் சம்பளக்காரருக்குச் செய்த திட்டத்தை மீன்பாட்டை நம்பி வாழும் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

‘சொத்து, லாபத்துக்கு விற்கலாம்’ என்றார்களாம். பழைய மெம்பர்ஷிப்பை வாங்க வரிசையில் யாரும் நிற்பதில்லை. விற்க வேண்டுமென்றால் பாக்கியை எல்லாம் தீர்க்க வேண்டும், நிறுவனத்துக்கு மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும், அதன் பிறகும் போட்டதில் சிறு பங்குதான் தேறும். ‘உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷனைக் கட்டுங்கள்’ என்று போன் செய்து ஏமாற்றும் கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. விற்க முடியாமல் தவிப்பவர்கள் அத்தனை பேர் என்பதால்தான் அந்தக் கூட்டத்துக்குப் பிழைப்பு நடக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதி வைத்தால் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் எழுதி வைக்கிறீர்கள்.

அறை இரவுகளை முதலீடு என்று சொல்லி விற்றதன் பெரிய உதாரணம் மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ். தங்காவிட்டால் கூடுதல் தொகையோடு பணம் திரும்பும் என்ற கணக்கில் லட்சக்கணக்கானோரிடம் வாங்கியது. இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2014-ல் தடை போட்டது. 2016-ல் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தரச் சொன்னது. உங்களை அழைத்த நிறுவனமும் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. விடுமுறையை விற்க வந்தவர் லாபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம் என்கிறேன்.

ராமேஸ்வரம் பக்கம் வரப்போகும் ரிசார்ட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கடலோரம் கட்டடம் எழுப்பக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதி வேண்டும். கட்டி முடித்துத் திறந்தால்தான் அது ரிசார்ட், அதுவரை படம். அப்படியே வந்தாலும் மண்டபத்தில் இருப்பவர் பாம்பன் பாலம் தாண்டிப்போய்ப் பணம் கட்டிக் கடல் பார்க்க வேண்டுமா என்ன! ஊட்டி, கொடைக்கானல் ஆசைக்கும் ஒரு வார்த்தை: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் அங்கே போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பே வைத்தார்கள். மெம்பர்ஷிப் அட்டையைக் காட்டினால் சோதனைச் சாவடியில் விட மாட்டார்கள்.

டைம்ஷேரே மோசம் என்பது என் கட்சி இல்லை. வருடம் தவறாமல் போகிறவர்கள், ஆறு மாதம் முன்னாடியே தேதி சொல்லக்கூடியவர்கள், உச்சப் பருவத்தையே வாங்கிக் கடனில்லாமல் முழுப் பணமும் கட்டக்கூடியவர்கள் என இப்படிப்பட்ட வீட்டார் வாங்கி மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் வழியாகத் தங்கள் இரவுகளை வெளிநாட்டு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. பரிமாற்றத்துக்கு அதற்கென்று கட்டணம் இருக்கும். உங்கள் வீடு இந்த வகையில் சேராது.

கணவர் இதற்குப் பிறகும் ஆசைப்பட்டால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். தர மறுத்தால் பேச்சு முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் 10 நாள் போல விலகும் அவகாசம் ஒப்பந்தத்தில் தருகின்றன. அந்த வரி இருக்கிறதா, நாள் எதிலிருந்து தொடங்குகிறது, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் வருடம் எவ்வளவு வரை ஏறலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தவணைக் கடன் வேறொரு நிதி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மெம்பர்ஷிப்பை ரத்து செய்தாலும் கடன் தானாக ரத்தாகாது. வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். வாயால் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் இருக்காது. ‘எங்கள் பிரதிநிதிகள் வாய்மொழியாகச் சொன்னவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

குடும்பத்தோடு வெளியூர் போகும் ஆசை நியாயமானது. ஜூலையில் ஓர் ஒன்பது மாதத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கி மாதம் 4,000 போட்டு வந்தால், மார்ச் முடியும்போது வட்டி போக 36,000 கையில் இருக்கும். டைம்ஷேருக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவைவிடச் சற்று அதிகம்தான் அது. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் இருக்கின்றன. தடைக்காலத் தேதி தெரிந்ததுதானே, ஜனவரி, பிப்ரவரியிலேயே அறை பதிந்துவிடலாம். ஒரு வருடம் கடல் கைவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.

இப்போது அந்த 5,000. ‘திட்டத்தில் சேர விருப்பமில்லை, டோக்கன் தொகையைத் திருப்பித் தாருங்கள்’ என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், அதையே கடிதமாக ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசி முடித்துக்கொள்ளாதீர்கள். பேசினால் ‘மேலதிகாரியிடம் கேட்டு இன்னும் 30,000 குறைத்துவிட்டேன்’ என்பார்கள். (அன்று ஒரு நாளுக்கு மட்டும் என்ற விலை அதற்கப்புறமும் உயிரோடு இருப்பதைக் கவனியுங்கள்.) வங்கியில் தானியங்கித் தவணைக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் கிளைக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கென்றால் வேறு மாநில நகரத்தில், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்புதான் என்று தாளில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அப்படி எழுதியிருப்பது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.