எழுத்து இருக்கட்டும், எண்ணை மறைத்துவிடுங்கள்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாகப் பழைய கார்களைத் தேடித் தேடிப் படம் எடுத்து வருகிறேன். போன மாதம் மயிலாப்பூரில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கண்ணில் பட்டது. வெளிர் நீலம், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். படத்தைத் தெருப் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போட்டேன். இரண்டே நாளில் உரிமையாளரின் மகள் எழுதினார்: நம்பரை மறையுங்கள், இல்லாவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள் என்று. எடுத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. தெருவில் ஓடுகிற வண்டி, ஊரே பார்க்கிற நம்பர். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பழைய காருக்கு நம்பர்தானே ஜாதகம்? அதை அழித்தால் படம் மூளியாகிவிடாதா? என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

ஹெரால்ட் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த வண்டி அது. அதன் பானட் திறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாய்ந்து எழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். சின்ன வயதில் எங்கள் தெரு ஒர்க்‌ஷாப்பில் நான் மணிக்கணக்கில் நின்று பார்த்த காட்சி இது. அந்த வண்டியை இன்றைக்கும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார் என்றால் அந்த உரிமையாளர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பெண் கேட்டது நியாயம் என்பதே என் கருத்து.

நம்பரை ஊரே பார்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் தெருவில் பார்ப்பவர் மறுநாள் மறந்துவிடுகிறார். படத்தில் இருக்கும் நம்பர் மறப்பதில்லை. அப்புறம், நம்பர் ஒரு நூல் மாதிரி. தனித்தனியாகக் கிடக்கும் படங்களை ஒன்றாகக் கோத்துவிடும். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒருவர் எடுத்த படம், ஒர்க்‌ஷாப்பில் இன்னொருவர் எடுத்தது, வீட்டு கேட் முன்னால் நீங்கள் எடுத்தது. மூன்றிலும் ஒரே நம்பர் இருந்தால் அந்த மனிதர் எங்கே இருப்பார், எப்போது வீட்டில் இருக்க மாட்டார் என்பது முன்பின் தெரியாதவருக்கும் விளங்கிவிடும். மாருதி என்றால் ஒரே மாதிரி நூறு வண்டி இருக்கும். வெளிர் நீல ஹெரால்ட் எத்தனை இருக்கும்? வண்டி அபூர்வமாக ஆக, அதன் சொந்தக்காரர் ஒளிய இடம் குறைகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டர்ட் 2000 படத்தை நம்பரோடு வெளியிட்டேன். இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பும் பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரின் இன்ஜினுமாக 1985-ல் வந்து 1988-க்குள் நின்றுபோன கார். பெட்ரோல் குடிப்பதற்குப் பேர் போனது. அதனால் மிஞ்சியவை ரொம்பக் கொஞ்சம். தெருப் பெயரைக்கூட நான் போடவில்லை. ஆனால் வேறு யாரோ அதே வண்டியை வீட்டு போர்ட்டிகோவில் எடுத்து, ஏரியா பெயரோடு ஏற்கெனவே போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த புரோக்கர்கள் அந்த வீட்டு மணியை அடிக்க ஆரம்பித்தார்கள். அங்கே தனியாக இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் நினைவாக வண்டியை வைத்திருந்தார். "நான் விற்கிறேன் என்று யார் உங்களுக்குச் சொன்னது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒருநாள் காலையில் நான்கு வீல் கப்பும் காணோம். என் படத்தால்தான் போனது என்று நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எந்தத் தனியார் வண்டியின் முழு நம்பரையும் நான் வெளியிடுவதில்லை.

நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் நம்பரை எஸ்எம்எஸ் அனுப்பினால் வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவுத் தரவிலிருந்து உரிமையாளர் பெயர் முழுதாக வந்துகொண்டிருந்தது. இப்போது எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் பாதி எழுத்தை நட்சத்திரக் குறி போட்டு மறைத்துத்தான் காட்டுகிறார்கள். 2019-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் பதிவுத் தரவை மொத்தமாக விலைக்கே கொடுத்தது. நிறுவனங்களுக்கு அந்த வருடக் கட்டணம் 3 கோடி ரூபாய். அந்தரங்கம் கெடும் என்ற கவலையால் 2020-ல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அதற்குள் போனது போனதுதான். 2022-ல் தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னைக்கு வந்தபோது அதில் முகங்களோடு நம்பர் பலகைகளும் மங்கலாக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய நிறுவனம் தெருவில் நிற்கும் சாதாரண வண்டிக்கே செய்கிறது. ரசிகர்கள் நாம் செய்யக்கூடாதா?

இன்னொன்று, நம்பர் திருட்டு. அடுத்தவர் நம்பரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அபராதச் செய்தி வருவது நிஜ உரிமையாளரின் போனுக்கு. வண்டி ஷெட்டிலேயேதான் நின்றது என்று நிரூபிக்க அவர்தான் அலைய வேண்டும்.

சரி, ஜாதகம் என்றீர்களே, பொருத்தமான சொல். ஜாதகத்தைப் பெட்டியில் பத்திரமாக வைப்போம், வேண்டியவர் கேட்டால் எடுத்துக் கொடுப்போம். தெருச் சுவரில் ஒட்ட மாட்டோம். 1989-ல் டி.என். 01 என்று மாவட்ட எண்களோடு புது முறை வருவதற்கு முன்பு பதிவான வண்டிகளுக்கு மூன்று எழுத்தும் அதிகபட்சம் நான்கு இலக்கமும்தான். அந்த மூன்று எழுத்தில்தான் காலமும் ஊரும் இருக்கிறது. அதனால் நான் செய்வது இது: எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் மறைக்கிறேன். பார்ப்பவருக்குப் பழைய மெட்ராஸ் வண்டி என்பது தெரிந்துவிடும். வீடு தெரியாது. படமும் மூளியாகாது.

மறைக்கும்போது கட்டம் கட்டமாகக் கலைக்காதீர்கள், அதிலிருந்து இலக்கத்தை ஊகித்துவிட முடியும். பலகையின் நிறத்திலேயே கெட்டியாகப் பூசிவிடுங்கள். கண்ணாடியையும் பாருங்கள். புது வண்டி என்றால் முன் கண்ணாடி ஸ்டிக்கரிலும் நம்பர் இருக்கும். போன் படத்துக்குள்ளேயே இடத்தைப் பதிந்து வைத்திருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். தெருப் பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும். முழு நம்பரோடு இருக்கும் அசல் படத்தை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். இருபது வருடம் கழித்து அந்த வண்டியின் வரலாறு எழுதுகிறவருக்கு அது வேண்டும்.

கோவை ஜிடி கார் மியூசியத்தில் நிற்கும் வண்டிகளுக்கோ, பழைய கார் ஊர்வலத்தில் சொந்தக்காரரே துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிகளுக்கோ இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை. அங்கேயும் நான் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவேன். கேட்டதால் இதுவரை எனக்கு ஒரு படம்கூடக் கைவிட்டுப் போனதில்லை. "வாங்க, உள்ளேயும் பாருங்க" என்று கதவைத் திறந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், நானும் காரணம் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணும் அதைத்தானே உங்களிடம் கேட்டார்?

அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். படத்தை நல்ல தாளில் பெரிதாக பிரிண்ட் போட்டு அவருடைய அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வண்டியை யாரிடம் வாங்கினார், உதிரி பாகத்துக்கு எங்கெல்லாம் அலைந்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள். பானட்டைத் திறந்து காட்டச் சம்மதித்தால் அதையும் ஒரு படம் எடுத்து, அவர் அனுமதியோடு எனக்கு அனுப்புங்கள். ஹெரால்டின் பானட் திறந்து நிற்பதைப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

அன்புடன்