காசு கொடுத்துக் கடலுக்குப் போகலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம். வேலைத்தலத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு படகை நாள் வாடகைக்குப் பிடித்து மீன் பிடிக்கப் போகிறார்கள், ஆளுக்கு 80 பவுண், உங்களையும் கூப்பிடுகிறார்கள். அப்பா மட்டக்களப்பு நாவலடியில் கடலுக்குப் போய் உங்களைப் படிக்கவைத்தவர். அந்தப் பிள்ளை காசு கொடுத்து மீன் பிடிக்கப் போனால் ஊரில் சிரிக்கமாட்டார்களா, லைசன்ஸ் ஏதும் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைசன்ஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கடலில் தூண்டில் போட இங்கிலாந்தில் லைசன்ஸ் கிடையாது. ஆறு, குளம், கால்வாய் என்றால் 13 வயது நிரம்பிய எவருக்கும் வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் தங்கூஸ் நூலைச் சுழற்றி எறிந்த பழக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எறிந்துவிடாதீர்கள், தண்டம் கட்ட வேண்டிவரும். கடலில் பிடித்ததையும் விற்கக்கூடாது. தெரிந்த கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஊரில் சிரிப்பார்களா என்பதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இதை நான் கல்லடியிலிருந்து எழுதுகிறேன். லீவில் மனைவி வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. ஆவணி மாதம், கடல் தகடுபோலக் கிடக்கிறது, விடிந்தால் கரைவலை இழுக்கிறார்கள். நேற்று நானும் கயிற்றில் ஒரு கை வைத்தேன். போகும்போது ஒரு பை நெத்தலியைக் கையில் திணித்து அனுப்பினார்கள். இப்படி மீன் கிடைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு 80 பவுண் கசக்கத்தான் செய்யும். எனக்கும் கசந்தது.

இங்கிலாந்தில் இப்படி ஒரு படகுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் காரைதீவு நண்பன். அவனுடைய அப்பாவும் கடல் தொழில்தான். நானோ படுவான்கரைக்காரன், வயலில் வளர்ந்தவன், வாவிக்கு அப்பால் தண்ணீரைக் கண்டால் கும்பிட்டுவிட்டு நிற்கிற ஆள். லண்டனுக்குத் தெற்கே லிட்டில்ஹாம்ப்டன் என்று ஒரு சிறிய துறைமுகம். அப்போது ஆளுக்கு 75 பவுண். வைகாசி கடைசி, விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் நின்றோம். நண்பன் ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்திருந்தான். படகை ஓட்டும் ஸ்கிப்பரின் முகம் கறுத்துப் போய்விட்டது. படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்று அங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறதாம். எறிய மனமில்லாமல் இரண்டு பேரும் இறங்குதுறையில் நின்று ஆறு ஆறு பழமாகத் தின்று முடித்தோம். அது பெரிய பிழை. பிறகு சொல்கிறேன்.

படகில் பத்துப் பேர். இப்படியான படகுகளில் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் தந்தார்கள், தூண்டில் தடியும் அவர்களுடையதுதான். புறப்படும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். நம்முடைய கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, பெரிதாக யாரும் கணக்கெடுப்பதில்லை. அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஐந்து மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். துறைமுகம் இருக்கும் ஆற்றின் வாயில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றினால் படகு வெளியேயும் போகாது, உள்ளேயும் வராது. நம் வாவி கடலில் சேரும் வாயும் மணலால் மூடுகிறதுதானே. நண்பன் பார்த்துவிட்டு, “அப்ப இது நம்மட பாலமீன்மடு முகத்துவாரந்தான் மச்சான், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மூடுது” என்றான்.

ஸ்கிப்பர் எந்த ஊர் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும், “ஹெர்மிஸ் கிடக்கும் இடம்” என்றார். 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் குண்டு போட்டு நமது கடலில் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, இப்போது சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் இத்தனை வருடத்தில் கொழும்பைத் துணைக்கு இழுக்காமல் என் ஊரைப் புரிந்துகொண்ட முதல் வெள்ளைக்காரர் அவர்தான்.

ஒரு மணித்தியாலம் ஓடி நங்கூரம் போட்டார்கள். இரை கணவாய். “கறிச் சாமானை வெட்டி மீனுக்குப் போடுறானுகள்” என்று நண்பன் புறுபுறுத்தான். நான் அதற்குள் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். நங்கூரத்தில் நிற்கும் படகு ஓடும் படகைவிட மோசம். பின்பக்கத்து டீசல் மணமும் சேர, ஆறு கதலியும் திரும்பி வந்தன. நீங்கள் கடற்கரைப் பிள்ளை, உங்களுக்கு வராமல் இருக்கலாம். ஆனாலும் வாந்திக் குளிசையைப் பெட்டியில் எழுதியிருக்கிறபடி புறப்பட முன்பே போடுங்கள். போனைப் பார்க்காதீர்கள், கபினுக்குள் போகாதீர்கள், கடல் முடிகிற கோட்டையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அந்த இடத்தில் படுவது பிரீம் என்ற மீன், கறுப்பு நிறம், பார்த்தால் விளைமீனுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஆண் மீன் அடியிலுள்ள பரலை வாலால் ஒதுக்கிக் கூடு கட்டி முட்டையைக் காவல் காக்குமாம். அது முட்டையிடும் காலம் என்பதால் ஆளுக்கு நான்குக்கு மேல் கொண்டுபோக முடியாது என்று ஸ்கிப்பர் முதலே சொல்லிவிட்டார். கொடுவா போல அங்கே பாஸ் என்று ஒன்று உண்டு, அது 42 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்குத்தான். எத்தனை வைத்திருக்கலாம் என்பது அடிக்கடி மாறும், ஸ்கிப்பரிடமே கேளுங்கள்.

மற்றவர்கள் எல்லோரும் தடியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நண்பன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, றீலுக்கு முன்னால் ஓடும் தங்கூஸைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பில் கொளுவி, கண்ணை மூடிக்கொண்டான். நித்திரை என்றுதான் நினைத்தேன். விரல் மட்டும் மெல்ல மெல்ல உயர்ந்து தாழ்ந்தது, ஈயக்கட்டி அடியில் தட்டுவதைப் பார்க்கிறான். திடீரென்று மணிக்கட்டால் ஒரு வெட்டு. மீன் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். தடிநுனி அசைந்ததையே நான் காணவில்லை. ஸ்கிப்பர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்று விரலைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேர் தங்கள் விரலையும் நூலில் வைத்துப் பார்த்தார்கள். அவன் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடமாக அவனுடைய பெயரைக்கூட யாரும் சரியாகச் சொன்னதில்லை.

மத்தியானம் போல அவனுடைய தடி வில்லாய் வளைந்தது. இருபது நிமிடம் இழுபறி. வந்தது சுறா, டோப் என்பார்கள், 15 கிலோவாவது தேறும். அவன் முகத்தில் சுறா வறை மணத்தது. ஸ்கிப்பர் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தூண்டிலைக் கழற்றி, வாலைத் தட்டி விட்டுவிட்டார். படகில் பிடித்த டோப்பைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்று 2008இல் போட்ட சட்டம். நண்பன் வாயைத் திறந்தபடி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “மச்சான், இவனுகளுக்கு என்ன விசரா?”

வீட்டுக்குப் போகும் வழியில் கணக்குப் பார்த்தான். அவனுக்கு நான்கு பிரீம், ஐந்து கானாங்கெளுத்தி. 75 பவுணும் பங்குப் பெற்றோல் 15உம். “ஒரு மீன் பத்துப் பவுண் மச்சான். கடையில அறுக்குளாவே வாங்கியிருக்கலாம்.” சரிதான். மீனுக்காகப் போவதென்றால் போகாதீர்கள், தமிழ்க் கடையில் மலிவு. மாதாமாதம் போகிற விளையாட்டும் அல்ல இது, வீட்டுக்கு அனுப்பும் காசில் கை வைத்து ஒருநாளும் போகவேண்டாம். ஆனால் வந்து ஆறு வருடம் ஒரு நாளைக்கூட எனக்கென்று எடுக்காமல் ஓவர்டைம் செய்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், வருடத்தில் ஒரு தடவை, கூப்பிடும்போது போங்கள்.

நீங்கள் நாவலடி என்பதால் இன்னொன்று. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்காத ஆட்கள் நம் கரையில் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அப்படியென்றால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கூட வேலை செய்பவர்களுக்காகத் தைரியம் காட்ட வேண்டியதில்லை.

இனி ஊர்ச் சிரிப்பு. அன்று இரவே நண்பன் அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து மீனைக் காட்டினான். போட்டுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். “நம்மட ஆக்கள்ர போட், சும்மாதான்” என்று பொய் சொன்னான். போன கிழமை காரைதீவுக்குப் போய் அவரைக் கண்டேன். எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார். 75 பவுண் என்றால் எத்தனை ரூபாய் என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இருந்தார்.

“அதெல்லாம் சரி மனே, அந்தச் சுறாவ ஏன் விட்டவன்?”

சட்டத்தை விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி குடித்து, வேறு கதைகள் பேசி, நான் எழும்பிப் படலைவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“எத்தின கிலோ எண்டு சொன்ன?”