க்ளைம் எண்ணுக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

மருத்துவக் காப்பீட்டு க்ளைம்களைச் சரிபார்க்கும் பிரிவு ஒன்றை நடத்துகிறேன். என் டீம் பிள்ளைகள் செக்கு மாடு போல வேலை பார்க்கிறார்கள். பேச்சாளரை அழைத்துவந்தோம், சுவரில் வாசகங்கள் ஒட்டினோம். பயனில்லை. தங்கள் வேலையின் பெரிய அர்த்தத்தை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

புத்தகத்தை அப்புறம் பார்ப்போம். பேச்சாளருக்குக் கொடுத்த பணத்தில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்திருக்கலாம்.

போன வருடம் என் தங்கை கணவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். மனிதர் உடனே சட்டையை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தங்கை பில்லிங் கவுன்டருக்கு நடையாய் நடந்தாள். “இன்ஷூரன்ஸ் அப்ரூவல் இன்னும் வரலைம்மா.” சாயங்காலம் வந்தது ஒரு க்வெரி. ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டுமாம். அட்மிஷன் அன்றே அனுப்பிய ரிப்போர்ட்! டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், தாமதத்தால் ஏறும் கட்டணம் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே சொல்லிவிட்டது. சுற்றறிக்கை உங்களிடமும் இருக்கும்.

அந்த க்வெரியைப் போட்டதும் உங்கள் டீம் பிள்ளைகளைப் போல ஒருவர்தான். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு க்ளைம் எண். பையை மடியில் வைத்திருக்கும் ஆளை யார் அவருக்குக் காட்டினார்கள்?

டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறார்கள். பார்வை சோதிப்பதிலிருந்து ஆபரேஷனுக்குத் தயார் செய்வதுவரை அவர்கள் கையில்தான். தடவித் தடவி வந்த பாட்டி அவர்கள் முன்னால்தான் உட்கார்கிறாள். அங்கே யாருக்கு வேண்டும் உங்கள் சுவர் வாசகம்?

புரியவைப்பது எப்படி என்கிறீர்கள். சார், நீங்கள் மறைப்பதை நிறுத்தினால் போதும். மாதம் ஒருநாள் ஒவ்வொருவராக அனுப்பி, ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர் பக்கம் உட்காரவையுங்கள். திரும்பி வந்ததும் ‘என்ன கற்றுக்கொண்டாய்’ என்று படிவம் நீட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

சம்பளம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிரிவில் க்வெரி போட்டுத் தள்ளிவிட்டால், அதுவும் அன்றைய கணக்கில் முடித்த ஃபைலாகச் சேருமா?