12 மடங்கு ஆன பங்கு: விலைவாசி போக மிச்சம் எவ்வளவு?

கேள்வி: 2001-ல் ஒரே கம்பெனிப் பங்கில் ஒரு லட்சம் ரூபாய் போட்டேன். போனஸ் பங்குகளும் சேர்த்து இன்று 12 லட்சம். என் சேமிப்பில் பாதி இதுதான். "அன்றைக்கே பவுன் வாங்கியிருக்கலாம்" என்கிறார் மனைவி. விலைவாசியைக் கழித்தால் என்ன லாபம்? விற்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: சார், 11 லட்சம் லாபத்தை 24 ஆண்டால் வகுத்து, வருஷத்துக்கு 46 சதவீதம் என்று சொல்பவர்கள் உண்டு. கூட்டு வட்டிக் கணக்கில் இது 10.9 சதவீதம்தான்.

வருமான வரிக்காக அறிவிக்கப்படும் பணவீக்கக் குறியீடு 2001-02-ல் 100, 2025-26-ல் 376. உங்கள் 12 லட்சத்தை 3.76-ஆல் வகுத்தால், அன்றைய பணத்தில் 3.19 லட்சம். அதாவது விலைவாசி போக ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு ஒரு நூல் குறைவு. இந்தக் குறியீடு விலை உயர்வில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஆகவே நிஜத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும். கம்பெனி தன் லாபத்தில் தரும் டிவிடெண்ட் வந்திருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசமில்லை, ஆனால் 12 மடங்கு என்று மார்தட்டவும் முடியாது.

அன்று பவுன் 3,500 ரூபாய் அளவில் இருந்தது. ஒரு லட்சத்துக்கு 28 பவுன். அதன் இன்றைய விலை 12 லட்சத்தைத் தாண்டும். நகையாக வாங்கியிருந்தால் செய்கூலி, சேதாரம் போயிருக்கும் என்று வேண்டுமானால் நீங்கள் வாதாடலாம்!

எனக்குக் கவலை வேறு. பாதிச் சேமிப்பு ஒரே பங்கில் இருக்கிறது. உங்கள் ஊர் ரப்பர்காரர்களைக் கேளுங்கள்: 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனது. கூடவே தென்னையும் வாழையும் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். பங்கில் இப்படிப்பட்ட சரிவு ஒரே நாளில் நடக்கும். கணக்கில் பொய் எழுதியதாகத் கம்பெனித் தலைவரே ஒப்புக்கொண்ட 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் பங்கு முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது.

அதனால் விற்கலாம், ஆனால் தவணையாக. காரணம் வரி. பங்கு லாபத்துக்கு வரி போடும்போது விலைவாசிக் கழிவு கிடையாது. 2018 ஜனவரி 31 அன்றைய விலை உங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அதையே அடக்கவிலையாக வைக்கலாம். அதற்குமேல் வரும் நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, மிச்சத்துக்கு 12.5 சதவீதம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் இன்னொரு பகுதி என்று விற்றால் இரண்டு ஆண்டின் விலக்கும் கிடைக்கும். வரும் பணத்தில் ஒரு பகுதியை அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்திலும், மீதியை இண்டெக்ஸ் ஃபண்டிலும் (நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பல கம்பெனிப் பங்குகளை ஒன்றாக வாங்கும் ஃபண்ட்) போடுங்கள். ஆசை விடவில்லை என்றால், கால்வாசிப் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.